உறுதி இல்லாத பிளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கலாமா? வெள்ளவத்தையில் வீடு வாங்கப்போகும் ஒரு அக்காவுக்குப் பதில்

கேள்வி, சுருக்கமாக: "நானும் கணவரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பன்னிரண்டு வருடமாக வெள்ளவத்தையில் வாடகைக்கு இருக்கிறோம். கனடாவில் இருக்கும் மகன் காசு தருவதாகச் சொல்ல, கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் மூன்று அறை பிளாட் பார்த்திருக்கிறோம். எட்டு வருடக் கட்டடம், விலை 3 கோடி. 'உறுதி இன்னும் வரவில்லை, இப்போது அக்ரிமென்டை உங்கள் பெயருக்கு மாற்றித் தருகிறேன், கம்பனி பிறகு உறுதி எழுதித் தரும்' என்கிறார் விற்பவர். வெள்ளிக்கிழமைக்குள் 30 இலட்சம் அட்வான்ஸ் வேண்டுமாம். கொடுக்கலாமா? யார் பெயரில் வாங்குவது? வேறு என்ன பார்க்க வேண்டும்?"

அக்கா, வெள்ளிக்கிழமை ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். அந்த வீடு வேண்டாம் என்று சொல்லவில்லை. அது நல்ல வீடாகவே இருக்கலாம். ஆனால் உங்களுக்குக் காட்டப்பட்ட கடதாசிகளை மட்டும் வைத்துப் பார்த்தால், அந்த மனிதரிடம் விற்பதற்கு ஒரு வீடு இருக்கிறதா என்பதே இன்னும் தெரியவில்லை. நான் புதுக்கடையில் ஒரு நொத்தாரிசு அலுவலகத்தில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தவன். உறுதி, அதாவது காணியோ வீடோ யாருடையது என்று காட்டும் சட்டப் பத்திரம், அதற்கு நகல் எழுதுவதும், காணிப் பதிவகத்துக்கு நடப்பதும்தான் என் வேலை. நீங்கள் சொல்லும் இந்தக் கதையோடு எத்தனையோ பேர் வந்து எங்கள் வாங்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். பெரும்பாலும் காசைக் கொடுத்துவிட்டுத்தான் வருவார்கள். நீங்கள் முதலே கேட்டது பெரிய விஷயம்.

முதலில் அக்ரிமென்ட் விஷயம். இலங்கையில் காணியோ வீடோ கைமாறுவதென்றால் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம்தான் அடிப்படை. நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு, எல்லோரும் ஒரே நேரத்தில் இருந்து கையொப்பமிட வேண்டும். பலருக்குத் தெரியாதது என்னவென்றால், "பிறகு விற்பேன்" என்று கொடுக்கும் வாக்குறுதிக்கும் இதே சட்டம்தான். கம்பனியின் தலைப்புக் கடதாசியில் அடித்து, முத்திரை ஒட்டி, இயக்குநர் கையொப்பமிட்ட அக்ரிமென்டைக் காட்டி அந்த வீட்டை உங்களுக்கு எழுதித் தரும்படி கேட்க முடியாது. கொடுத்த காசைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போடலாம், அவ்வளவுதான். விற்பவர் வைத்திருப்பது எது? நொத்தாரிசு எழுதி இலக்கமிட்ட ஒப்பந்தமா, கம்பனிக் கடதாசியா? முதலாவது என்றால் அது காணிப் பதிவகத்தில் பதியப்பட்டிருக்கிறதா? இதை இன்றைக்கே போன் எடுத்துக் கேளுங்கள்.

அடுத்தது, எட்டு வருடமாக ஏன் உறுதி வரவில்லை? தொடர்மாடி வீட்டுக்குத் தனி உறுதி எழுதுவதற்கு 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உரிமைச் சட்டம் இருக்கிறது. அதன்படி கட்டடம் முடிந்ததும் நில அளவையாளர் ஒருவர் ஒவ்வொரு வீட்டையும், படிக்கட்டு, லிஃப்ட், மொட்டைமாடி போன்ற பொது இடங்களையும் பிரித்துக் காட்டும் கூட்டாதனப் படம் ஒன்றைக் கீற வேண்டும். அந்தப் படம் அனுமதி பெற்றுக் காணிப் பதிவகத்தில் பதியப்பட்ட பிறகுதான் நீங்கள் பார்த்த வீடு சட்டத்தின் கண்ணுக்குத் தெரியும். அதுவரை அங்கே இருப்பது ஒரு காணியும் அதன் மேல் ஒரு கட்டடமும்தான். காணி யார் பெயரில் இருக்கிறதோ அவருடையதுதான் முழுக் கட்டடமும்.

படம் பதியாமல் கிடப்பதற்கு நான் பார்த்த காரணங்கள் மூன்று நான்குதான். ஐந்து மாடிக்கு அனுமதி எடுத்து ஆறாவதையும் கட்டியிருப்பார்கள். அல்லது வீதி எல்லையை விட்டுக் கட்டாமல் முன்னால் தள்ளியிருப்பார்கள், வாகனத் தரிப்பிடத்துக்கு என்று காட்டிய கீழ்த்தளத்தைக் கடையாக மாற்றியிருப்பார்கள். இப்படி இருந்தால், அனுமதித்த படத்தின்படிதான் கட்டப்பட்டது என்ற இணக்கச் சான்றிதழ், நாங்கள் சி.ஓ.சி. என்போமே, அது கிடைக்காது. அது இல்லாமல் கூட்டாதனப் படமும் நகராது. இன்னொரு காரணம் பங்காளிச் சண்டை. எல்லாவற்றிலும் மோசமானது, காணி வங்கியில் ஈடாக இருப்பது.

ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருவர், கணவனும் மனைவியும், ஒருநாள் காலை எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள். கையில் ஒரு பத்திரிகைத் துண்டு. அவர்கள் குடியிருக்கும் கட்டடத்தின் காணி ஏலத்துக்கு வருகிறது என்ற வங்கி அறிவித்தல் அது. கட்டியவர் அந்தக் காணியை ஈடு வைத்துத்தான் கட்டடமே எழுப்பியிருந்தார். 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், கடன் கட்டாவிட்டால் வங்கி வழக்குப் போடாமலே ஈட்டுச் சொத்தை ஏலத்தில் விடலாம். பராட்டே என்று பத்திரிகைகளில் வருவது இதைத்தான். அந்த அம்மா ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து தவணைப் பணம் கட்டிய பற்றுச்சீட்டுகளை எடுத்துத் திகதிப்படி மேசையில் அடுக்கினார். ஒன்றும் தவறவில்லை. முழுக் காசும் கட்டி முடித்திருந்தார்கள். அவர்கள் பெயர் மட்டும் காணிப் பதிவேட்டில் எங்கும் இல்லை. ஏலத்தை நிறுத்தவும் வங்கியோடு பேசி வீட்டை மீட்கவும் அவர்களுக்கு வருடங்கள் போனது, மேலும் காசும் போனது. அந்தப் பற்றுச்சீட்டு அடுக்கு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

சில இடங்களில் "உறுதி இருக்கிறது" என்று சொல்லி ஒன்றைக் காட்டுவார்கள். வாசித்தால் காணியில் பிரிக்கப்படாத ஒரு பங்கும், குறிப்பிட்ட மாடியில் இருக்கும் உரிமையும் என்று எழுதியிருக்கும். அது தொடர்மாடி உறுதி அல்ல. வங்கிகள் அதற்குக் கடன் கொடுக்கத் தயங்கும், நாளைக்கு நீங்கள் விற்கப்போனால் வாங்குபவரும் தயங்குவார்.

இனி, பதிவேடு பார்ப்பது. யாழ்ப்பாணத்தில் தோம்பு பார்ப்பது என்போம், கொழும்பில் தமிழரும் சிங்களச் சொல்லையே எடுத்துப் 'பத்திரு' என்பார்கள். ஒவ்வொரு காணிக்கும் பதிவேட்டில் ஒரு பக்கம் உண்டு. யார் கொடுத்தார், யார் வாங்கினார், என்ன வகை உறுதி, எந்த நொத்தாரிசு, எத்தனையாம் இலக்கம், எந்தத் திகதி என்று நிரலாக இருக்கும். விற்பனை, ஈடு, குத்தகை, வழக்கு நிலுவை அறிவித்தல் எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக விழும். பக்கம் நிறைந்தால், எந்தப் பக்கத்துக்குக் கொண்டுபோகப்பட்டது என்று ஓர் இலக்கம் இருக்கும். அந்த இலக்கத்தைத் தேடிப் பாருங்கள். புரோக்கர்கள் காட்டும் நகல் பெரும்பாலும் பழைய பக்கம்தான், அது சுத்தமாகவே இருக்கும். ஈடும் வழக்கும் அடுத்த பக்கத்தில் இருக்கும். அதனால் அவர்கள் தரும் நகலை நம்ப வேண்டாம். உங்கள் சட்டத்தரணி புதிதாக விண்ணப்பித்து எடுக்க வேண்டும். முப்பது வருடம் பின்னோக்கிப் பார்ப்பது வழக்கம். கையொப்பமிடும் நாளுக்கு முதல்நாளோ அன்று காலையோ கடைசிப் பக்கத்தை இன்னொருமுறை பார்க்கச் சொல்லுங்கள். சட்டத்தரணியும் உங்களுடையவராக இருக்க வேண்டும். "எங்கள் லோயரே எல்லாம் செய்வார், உங்களுக்கு அலைச்சல் இல்லை" என்று விற்பவர் சொன்னால், நன்றி சொல்லிவிட்டு வேறொருவரிடம் போங்கள்.

உறுதி எழுதிய பிறகும் ஆறுதலாக இருந்துவிடக் கூடாது. ஒரே வீட்டை இருவருக்கு எழுதிக் கொடுத்தால், காசு கொடுத்து வாங்கி முதலில் பதிந்தவரின் உறுதிக்குத்தான் முன்னுரிமை. முன்னால் உறுதி வாங்கியவர் அதைப் பதியாமல் இருந்தால், மற்றவர் மோசடி செய்தார் என்று நிரூபித்தாலன்றி அவருக்கு வழியில்லை. நொத்தாரிசு தன் இரண்டாம் பிரதியை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள்தான் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று விதி. அது வேறு, உங்கள் மூல உறுதியைப் பதிவுக்குக் கொடுப்பது வேறு. மூல உறுதியைக் கையொப்பமிட்ட அன்றோ மறுநாளோ பதிவுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள், கொடுத்ததற்கான சிட்டையையும் வாங்கி வையுங்கள்.

யார் பெயரில் வாங்குவது என்று கேட்டீர்கள். இதைப் பலரும் கடைசி நாளில் நொத்தாரிசு மேசையில் வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். பிறகு பிள்ளைகளுக்குள் மனஸ்தாபம் வருகிறது. நீங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் என்பதால், யாழ்ப்பாணத் தமிழருக்குரிய வழமைச் சட்டமான தேசவழமை உங்களோடு கொழும்புக்கும் வரும். வீடு வெள்ளவத்தையில் இருப்பதால் அது விட்டுவிடாது. உங்கள் பெயரில் வாங்கினால், பிற்காலத்தில் விற்கவோ ஈடு வைக்கவோ கணவரின் எழுத்து மூலமான சம்மதம் தேவை. இது 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வாரிசுரிமைக் கட்டளைச் சட்டத்தில் இருக்கிறது. இதையே திருப்பியும் பாருங்கள். உங்களுக்கு விற்பவர் யாழ்ப்பாணத்துத் திருமணமான பெண் என்றால், அவருடைய கணவரும் உறுதியில் கையொப்பமிட வேண்டும். "அவர் லண்டனில், இதற்கெல்லாம் தேவையில்லை" என்றால் அங்கேயே நிறுத்துங்கள்.

மகன் கனேடியப் பிரசை மட்டும்தானா, இரட்டைப் பிரசாவுரிமை எடுத்தவரா என்பதும் முக்கியம். வெளிநாட்டவருக்குக் காணி எழுதுவதை 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. இரட்டைப் பிரசைக்குத் தடையில்லை. கூட்டாதன வீடுகளுக்குத் தனி விலக்கு உண்டு, ஆனால் அதற்கு நிபந்தனை இருக்கிறது: உறுதி எழுதுவதற்கு முன்பே முழுப் பணமும் வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக வந்திருக்க வேண்டும். ஆகவே மகன் பெயரில் எழுதும் எண்ணம் இருந்தால், காசு உண்டியலில் வரவே கூடாது. தெரிந்தவர் மூலம் வந்த காசுக்கு எந்தக் கடதாசியும் இருக்காது. இங்கும் பாருங்கள், கூட்டாதனப் படம் பதியப்படாத கட்டடத்துக்கு இந்த விலக்கைக் கேட்கவே முடியாது.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், உங்கள் இருவர் பெயரிலும் வாங்குங்கள். மகன் பெயரில்தான் வேண்டும் என்றால் உங்கள் இருவருக்கும் சீவிய உரித்து, அதாவது உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டில் இருக்கும் உரிமை, வைத்து எழுதுங்கள். பிள்ளை மேல் நம்பிக்கை இல்லாமல் சொல்லவில்லை. பிள்ளைக்கு அங்கே ஒரு கஷ்டம் வரலாம், திருமணத்தில் பிரச்சினை வரலாம். எழுபது வயதில் வீடு மாறும் நிலை உங்களுக்கு வரக் கூடாது.

வெள்ளவத்தையில் விற்பனைக்கு வரும் பிளாட்டுகளில் நிறைய வெளிநாட்டில் இருப்பவர்களுடையது. இங்கே இருக்கும் தம்பியோ மச்சானோ அற்றோணித் தத்துவத்தை, அதாவது சொந்தக்காரர் தன் சார்பில் செயற்பட எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரத்தை, வைத்து விற்பார்கள். அதில் தவறில்லை. ஆனால் அந்தத் தத்துவத்தில் விற்கும் அதிகாரம் தெளிவாக எழுதியிருக்கிறதா, சிலவேளை வாடகைக்கு விடவும் பராமரிக்கவும் மட்டும்தானா என்று வரி வரியாக வாசிக்க வேண்டும். அது இங்கே பதியப்பட்டிருக்க வேண்டும், பிறகு இரத்துச் செய்யப்படவில்லை என்றும் பார்க்க வேண்டும். கொடுத்தவர் இறந்தால் தத்துவமும் அத்தோடு முடிந்தது. சொந்தக்காரர் இறந்து மாதங்கள் கழித்து, அது தெரியாமலே எழுதப்பட்ட உறுதி ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். வீடியோ அழைப்பில் அவரோடு ஐந்து நிமிடம் கதைத்துவிடுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

செலவுக் கணக்கு. முத்திரைத் தீர்வை வாங்குபவர்தான் கட்ட வேண்டும். முதல் ஒரு இலட்சத்துக்கு 3 சதவீதம், மிகுதிக்கு 4 சதவீதம். 3 கோடிக்கு 1,199,000 ரூபாய் வரும். நொத்தாரிசுக் கட்டணம் அதற்கு மேல். இதைக் குறைப்பதற்காக உறுதியில் ஒன்றரைக் கோடி என்று போடுவோம், மிகுதியைக் கையில் தாருங்கள் என்று சிலர் கேட்பார்கள். செய்யாதீர்கள். பிறகு ஏதாவது பிழைத்து வழக்குக்குப் போனால், உறுதியில் எழுதிய தொகையைத்தான் நீங்கள் கொடுத்ததாகக் காட்ட முடியும். அட்வான்ஸ் உட்பட எல்லாக் காசும் வங்கிக் காசோலையாகவோ வங்கி மாற்றாகவோ போகட்டும்.

வீட்டைப் பார்ப்பது எப்படி என்று சொல்லாவிட்டால் பதில் முழுமையாகாது. கடற்கரைப் பக்கம் என்கிறீர்கள். உப்புக்காற்று அங்கே சும்மா விடாது. பல்கனியில் நின்று கடலைப் பார்ப்பதற்கு முன் தலையை நிமிர்த்தி மேல்வீட்டுப் பல்கனியின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். மண்ணிறக் கோடுகள் ஓடுகிறதா, பூச்சு ஊதி நிற்கிறதா? விரல் முட்டியால் தட்டினால் வெறும் சத்தம் கேட்கிறதா? கேட்டால் உள்ளே கம்பி துருப்பிடித்து விரிந்து கொங்கிரீட்டைத் தள்ளுகிறது. புதிதாகப் பெயின்ட் அடித்த இடத்தில் இதைத்தான் மறைத்திருப்பார்கள். கீழ்த்தளத் தூண்களின் அடியையும் இப்படியே பாருங்கள். யன்னல் பிணைச்சல்கள், ஏசி வெளி அலகின் தாங்கிகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று பார்த்தாலே கட்டடத்தைப் பராமரிக்கிறார்களா என்று விளங்கிவிடும்.

வெயிலில் ஒருமுறை போயிருப்பீர்கள். மழையில் இன்னொருமுறை போங்கள், ஒக்டோபர், நவம்பரில் பின்னேர மழை அடிக்கும்போது என்றால் இன்னும் நல்லது. ஒழுங்கை வாசலில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, யன்னல் ஓரத்தால் உள்ளே வருகிறதா, குளியலறைக் கூரையில் ஈரம் பரவுகிறதா என்று அப்போதுதான் தெரியும். காலை ஆறு மணிக்குக் குழாயைத் திறந்து பாருங்கள். மின்பெட்டியில் ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள், விழாவிட்டால் மாற்ற வேண்டும். லிஃப்டுக்கு ஜெனரேட்டர் இருக்கிறதா என்று உங்கள் வயதில் கட்டாயம் கேட்க வேண்டும்.

அதைவிட முக்கியம், அந்தக் கட்டடத்தில் குடியிருக்கும் இரண்டு மூன்று பேரோடு கதைப்பது. காவலாளியோடு அல்ல, குடும்பங்களோடு. உறுதி எப்போது வரும் என்று கம்பனி அவர்களுக்கு என்ன சொல்லியிருக்கிறது, மாதாந்தப் பராமரிப்புக் காசை யார் சேர்க்கிறார்கள், கணக்குக் காட்டுகிறார்களா என்று கேளுங்கள். கூட்டாதனப் படம் பதியப்பட்டால் சொந்தக்காரர்கள் எல்லோரும் சேர்ந்த முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் சட்டப்படி உருவாகும். அதுவரைக்கும் நடப்பது கட்டியவரின் தயவிலோ நாலு நல்ல மனிதர்களின் முயற்சியிலோதான். வாகனத் தரிப்பிடம் பற்றியும் அவர்களிடம் விசாரியுங்கள். வாய்ப்பேச்சில் ஒரே இடத்தை இருவருக்குக் கொடுத்த கட்டடங்கள் உண்டு. படத்தில் உங்கள் வீட்டு இலக்கத்தோடு அந்த இடமும் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். மாநகர சபைக்குக் கட்டும் ஆதன வரி, மின்சாரம், தண்ணீர் நிலுவைகளின் கடைசிப் பற்றுச்சீட்டுகளையும் கேட்டு வாங்குங்கள்.

சரி, இந்த வாரம் என்ன செய்வது? விற்பவருக்குப் போன் எடுத்து மரியாதையாக நாலு கடதாசி கேளுங்கள்: காணியின் மூல உறுதியின் நகல், மாநகர சபை அனுமதித்த கட்டடப் படம், இணக்கச் சான்றிதழ், அவர் கையில் உள்ள ஒப்பந்தம். கூட்டாதனப் படத்துக்கு விண்ணப்பித்திருந்தால் அந்த விண்ணப்பத்தின் விபரமும். அவற்றை உங்கள் சட்டத்தரணியிடம் கொடுத்துப் பத்திரு எடுக்கச் சொல்லுங்கள். காணி ஈட்டில் இல்லை, இணக்கச் சான்றிதழ் இருக்கிறது, படம் பதியும் வேலை உண்மையிலேயே நடக்கிறது என்றால், நொத்தாரிசு எழுதிய ஒப்பந்தம் ஒன்றைக் கம்பனியையும் ஒரு தரப்பாகச் சேர்த்து எழுதலாம். அதில் சிறிய தொகையை மட்டும் கொடுத்து, மிகுதி உறுதி எழுதும் நாளில் என்றும், குறித்த திகதிக்குள் உறுதி வராவிட்டால் காசு வட்டியோடு திரும்ப வேண்டும் என்றும் போட்டு, அந்த ஒப்பந்தத்தையும் பதியுங்கள். காணி ஈட்டில் இருந்தால், உங்கள் வீட்டை ஈட்டிலிருந்து விடுவிக்க வங்கி எழுத்தில் சம்மதம் தரும்வரை ஒரு ரூபாயும் வேண்டாம்.

"வேறு ஆட்கள் காசோடு நிற்கிறார்கள், வெள்ளிக்கிழமை தாண்டினால் போய்விடும்" என்று அவர் சொல்வார். போகட்டும் அக்கா. அந்த ஒழுங்கையிலேயே உறுதியோடு இருக்கும் பிளாட்டுகள் விற்பனைக்கு வருகின்றன. விலை கொஞ்சம் கூட இருக்கும், அறை கொஞ்சம் சிறியதாக இருக்கும். கடதாசிகள் கைக்கு வந்ததும் எழுதுங்கள், பத்திருவில் விளங்காத இடம் இருந்தால் அதை வைத்துக்கொண்டு மறுபடி பார்ப்போம்.